தொப்பியும் தொங்கலும்



கார்த்திகைத் திருவிழாவில் அண்ணாமலையார் உலா வருகையில் மாட வீதி மூலையில் நின்று கேட்டோர் அறிவர். மேளம் அடுத்த வீதிக்குத் திரும்பியதும் தவிலின் பொரிந்து விழும் சொற்கள் மங்கும். அடியில் கிடந்த ஆழ்ந்த முழக்கம் மட்டும் தொடர்ந்து வரும். அது இடப்புறத் தொப்பியின் ஒலி. வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் விரைகின்றன; தொப்பியில் குறுங்கழி விழுகிறது. அக்கழியை எங்கே அடக்குவது என்று அறிந்தவரே நல்ல தவில்காரர். மல்லாரி மூன்று காலங்களில் ஒலிக்கும்போது நாகசுரத்தின் விரைவு பெருகும். தாளமோ தன் நடையை விடுவதில்லை. விரைவு வியப்பைத் தரும், அவ்வளவே.

1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கிளைத்த 'டிரம் அண்ட் பேஸ்' இசைக்கும் இதுவே உயிர்நிலை. நிமிடத்திற்கு ஏறத்தாழ 170 தட்டுகளாக முரசொலி ஓடும். அதன் கீழ், பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி பெரும்பாலும் பாதி விரைவில் நடக்கும். அவ்விசைஞர் பெரிதும் எடுத்தாண்டது, 1969இல் வெளிவந்த வின்ஸ்டன்ஸ் குழுவினரின் இசைத்தட்டில் உள்ள சில நொடி முரசு வாசிப்பு. அதை வெட்டினர், விரைவாக்கினர், மாற்றி அடுக்கினர். அத்துண்டு எல்லார் கையிலும் இருந்தது. நிலைத்த பாடல்களோ சிலவே. தாழ்ந்த ஒலி எப்போது நுழைகிறது, அதுவரை கேட்போரை எவ்வளவு காக்கவைக்கிறது என்பதில்தான் வேறுபாடு. 1999இல் மெர்க்குரிப் பரிசு பெற்ற தால்வின் சிங் இவ்விசையுடன் தபேலாவை இணைத்தார். அங்கும் இடக்கையின் பாயாவே அடியொலி.

இலண்டன்வரை போவானேன்? 15ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் வாழ்ந்த அருணகிரிநாதர் இதனைச் சொல்லிலேயே செய்துகாட்டியவர். ஓசை பொருளை விழுங்கிவிட்டது என்று திருப்புகழைக் குறைகூறுவோர் உண்டு. சில பாக்களைப் பொறுத்தவரை அது பொய்யன்று. ஆயினும் அவர்கள் ஓட்டத்தை மட்டும் கேட்டவர்கள். 'தனதன தான' என்று மும்முறை ஓடிய சந்தம், 'தனதான' என்னும் தனிச்சீரில் வந்து தங்குகிறது. இதற்குத் தொங்கல் என்று பெயர். முன்னே ஓடிய மூன்றையும் தாங்குவது இச்சிறு சீரே. தொங்கலை நீக்கிப் பாடிப் பாருங்கள். சந்தம் மூச்சு முட்டிப்போகும்.

இன்றைய கவியரங்குகளில் சந்தப்பா பாடுவோர் வல்லின அடுக்குக்காக அகராதியைப் புரட்டுகின்றனர். தொங்கல் வந்ததும் ஏதேனும் அசைச்சொல்லை இட்டு நிரப்பிவிடுகின்றனர். கைதட்டலும் அடுக்குக்கே கிடைக்கிறது. உழைப்பு இடம்மாறிப் போயிற்று. அருணகிரியார் தம் பாட்டின் இறுதித் தொங்கலை எதற்கு வைத்திருந்தார்? சொற்களை அவ்வளவு விரட்டி வந்தவர், அங்கே 'பெருமாளே' என்று முருகனைக் கூப்பிட்டு நின்றுவிடுகிறார். திருப்புகழ்ப் பாக்களில் மிகப் பல அந்த ஒரு விளியில்தான் முடிகின்றன.