கையெழுத்திட்டவர் யார்? கடன் கட்டியவர் யார்?
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆடலும் பாடலும் நிறைந்த ஆண்டு விழா மேடையில் உலகப் போரைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். பெர்லினிலும் வியன்னாவிலும் மன்னர்கள் செய்துகொண்ட உடன்படிக்கைகளுக்கும், மாட்டுங்கா லேபர் கேம்பில் உழைத்து வாழும் நமக்கும் என்ன உறவு? உறவு உண்டு என்பதை எடுத்துரைக்கவே இங்கு நிற்கிறோம்.

நம்மில் ஒருவர் சீட்டு எடுத்தால், இன்னொருவர் பிணைக் கையெழுத்து இடுகிறார். எடுத்தவர் கட்டத் தவறினால் பிணை நின்றவரின் கதவு தட்டப்படும். ஐரோப்பிய வல்லரசுகளும் இவ்வாறே ஒன்றுக்கொன்று பிணை நின்றன. 1879-இல் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் கைகோத்தன. 1882-இல் இத்தாலி அவற்றோடு சேர்ந்தது. 1894-இல் பிரான்சும் ருசியாவும் எதிர் அணி வகுத்தன. இங்கிலாந்து 1904-இல் பிரான்சோடும், 1907-இல் ருசியாவோடும் பழைய பூசல்களைத் தீர்த்துக்கொண்டது. இவை போர் ஒப்பந்தங்கள் அல்ல. ஆயினும் 1906 முதல் பிரெஞ்சுத் தளபதிகளோடு ஆங்கிலத் தளபதிகள் மறைவாகப் பேசிவந்தனர். அமைச்சர்களில் பலருக்கே அது பல ஆண்டுகள் தெரியாது!

1914 ஜூன் 28-ஆம் நாள் சாரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூலை 5-ஆம் நாள் ஜெர்மானியப் பேரரசர், எது நேரினும் துணை நிற்போம் என்று ஆஸ்திரியாவுக்கு உறுதி கூறினார். தொகை எழுதாத தாளில் இட்ட பிணைக் கையெழுத்து அது. ஜூலை 28-இல் ஆஸ்திரியா செர்பியாவின்மீது போர் தொடுத்தது. செர்பியாவுக்காக ருசியா படை திரட்டியது. ஆகஸ்ட் 1-இல் ருசியாமீதும், 3-இல் பிரான்சின்மீதும் ஜெர்மனி போர் அறிவித்தது. பிரான்சைத் தாக்க அது பெல்ஜியத்தின் வழியே புகுந்தது. பெல்ஜியத்தின் நடுநிலையைக் காப்பதாக 1839-இல் கொடுத்த வாக்கைக் காட்டி, ஆகஸ்ட் 4-இல் இங்கிலாந்தும் களம் புகுந்தது. எட்டே நாளில் ஐரோப்பா எரிந்தது.

அந்தத் தீ ஐரோப்பாவோடு நின்றதா? இங்கிலாந்து போரில் இறங்கிய அன்றே இந்தியாவும் இறங்கியதாயிற்று. நம் முன்னோரை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரைக்கு வந்தது. அரை மணிக்கும் குறைந்த நேரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயிர்களும் மாண்டன. அஞ்சிய மக்கள் ஊரைவிட்டு ஓடினர். எவருக்கும் அடங்காத வல்லாளனை 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றும் சொல்கிறோம். அச்சம் போயிற்று, சொல் நின்றது.

நாம் வாழும் இந்த மும்பைக்கும் அதில் பங்கு உண்டு. 1914 ஆகஸ்ட் 2-ஆம் நாள் ஜெர்மனியும் துருக்கியும் ஓர் இரகசிய ஒப்பந்தம் செய்தன. துருக்கி போரில் இறங்கக்கூடும் என்பதாலும், பாரசீக எண்ணெயைக் காக்கவேண்டும் என்பதாலும், அக்டோபர் 16-இல் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து இந்தியப் படை கப்பலேறியது. அப்படையில் ஒரு பகுதி 1916 ஏப்ரல் 29-இல், மெசபடோமியாவின் கூத் நகரில், பசியால் வாடிச் சரணடைந்தது. சிறைப்பட்ட ஏறத்தாழ 13,000 பேரில் பெரும்பாலோர் இந்தியரே. எங்கோ மறைவில் இட்ட கையெழுத்துக்கு இங்கிருந்து சென்ற மக்கள் கடன் கட்டினர்.

கூட்டணிகளே போரைக் கொண்டுவந்தன என்று சொல்லிவிட்டால் போதுமா? போதாது. இத்தாலியைப் பாருங்கள். ஜெர்மனியோடு கையெழுத்திட்ட அந்நாடு, 'தாக்கப்பட்டால்தான் துணை. நீங்களே தாக்கினால் இல்லை' என்று சொல்லி 1914-இல் விலகி நின்றது. 1915-இல் இன்னோர் இரகசிய ஒப்பந்தம் செய்துகொண்டு எதிர் அணியில் போரிட்டது. ஆகவே தாளில் எழுதியது தலைவிதி அன்று. எழுதியவரும் மனிதரே, மீறியவரும் மனிதரே. பொறுப்பைத் தாளின்மீது சுமத்திவிட்டு அவர்கள் தப்பிக்க இயலாது.

உலகம் பாடம் கற்றதா? ஓரளவு கற்றது. நாடுகள் செய்துகொள்ளும் உடன்படிக்கைகளைப் பதிவு செய்து வெளியிடவேண்டும் என்று முதலில் சர்வதேச சங்கமும், 1945-இல் ஐக்கிய நாடுகள் சபையின் சாசனமும் விதித்தன. ஆனால் இடையில், 1939 செப்டம்பர் 3-ஆம் நாள், வைசிராய் லின்லித்கோ மக்கள் பிரதிநிதிகளைக் கேளாமலே இந்தியாவைப் போரில் சேர்த்தார். அதைக் கண்டித்துச் சென்னையில் இராஜாஜி அமைச்சரவை விலகியது. பம்பாயில் காங்கிரஸ் அமைச்சரவையும் விலகியது.

அந்தப் போரும் இவ்வூரின் கதவைத் தட்டியது. 1944 ஏப்ரல் 14-ஆம் நாள் விக்டோரியா துறையில், வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றி நின்ற கப்பல் தீப்பற்றி வெடித்தது. பல நூறு பேர் மாண்டனர். தீயை அணைக்கச் சென்ற 66 தீயணைப்பு வீரர்கள் உயிர் நீத்தனர். அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள் என்று நாம் மாலை சூட்டும் அதே ஏப்ரல் 14, அவ்வீரர்களை நாடு நினைவுகூரும் நாளும் ஆகும்.

அன்பர்களே! துணை சேர்வது குற்றமன்று. ஊர்விட்டு வந்த நாம் ஒருவருக்கொருவர் துணை நின்றதனால்தான் இங்கே வேரூன்றினோம். யாருக்காக, எதுவரை, எந்த நிபந்தனையில் துணை நிற்கிறோம் என்பதைக் கடன் கட்டப்போகிறவர்கள் முன்கூட்டியே அறியவேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கு இருக்கவேண்டும். 1914-இல் அவ்விரண்டும் இல்லை.

அந்த உரிமையைக் காக்கும் பழக்கம் பாராளுமன்றத்தில்தான் தொடங்கவேண்டும் என்பதில்லை. இந்தச் சங்கத்திலேயே தொடங்கலாம். இனி நம் பொதுக்குழுவில் எந்தத் தீர்மானம் வந்தாலும், அதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்போம். ஐயம் இருந்தால் எழுந்து கேட்போம். அதன் பின்னரே கை தூக்குவோம்.