யார் சொன்னது? எப்போது சொன்னது?

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒப்படைப்பு, புராஜெக்ட் என்று வேலை தருகிறார்கள். பிள்ளை கைப்பேசியில் தலைப்பைத் தட்டுகிறான். முதலில் வந்ததை அப்படியே எடுக்கிறான். கடையில் பத்துப் பக்கம் பிரிண்ட் எடுத்து, வண்ண அட்டை போட்டு ஒப்படைத்து விடுகிறான். மதிப்பெண் கிடைக்கிறது, அறிவு கிடைத்ததா என்று நாம் கேட்பதில்லை.

நம் கடற்கரைச் செய்தி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ‘எண்ணூர் எண்ணெய்க் கசிவு’ என்று தேடினால் இரண்டு நிகழ்வுகள் கலந்து வரும். ஒன்று, 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்திற்கு அருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் இரு கப்பல்கள் மோதியதால் நேர்ந்தது. மற்றொன்று, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்தது. இரண்டையும் ஒன்றாக்கி எழுதும் பிள்ளைக்குக் கடலும் விளங்காது, கால்வாயும் விளங்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2017-இல் மோதல் நடந்தவுடன், சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்றே அறிவிப்பு வந்தது. பின்னரோ எர்ணாவூர்க் கரையில் எண்ணெய்க் கசடு ஒதுங்க, அதை வாளிகளால் அள்ளினார்கள். முதல் நாள் செய்தியும் பிந்தைய செய்தியும் இணையத்தில் அருகருகே கிடக்கின்றன. தேதியைப் பாராதவன் முதல் நாள் செய்தியையே முடிவாகக் கொள்வான். இன்று பிள்ளைகள் நாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோ, இல்லாததையும் இருப்பதுபோல் அழகாக எழுதித் தந்துவிடும்.

ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஒரு செய்தி வந்தால், அதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா என்று வரிசையாக விசாரித்தார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இதற்காகவே ஊர் ஊராகப் பயணம் செய்தார்கள். விசாரிக்காமல் ஏற்பது நம் மரபன்று.

இணையத்தை நாம் பழிக்கவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஏழைப் பிள்ளைக்கு இது பெரும் கொடை. ஆனால் கொடையைப் பயன்படுத்தும் முறையைக் கற்றுத்தருவது நம் பொறுப்பு.

எனவே பெற்றோரிடம் நாம் வேண்டுவது இவ்வளவே. எழுதியவர் யார், எழுதிய தேதி எது என்று பிள்ளையிடம் கேளுங்கள். ஒரே செய்தியை வேறோர் இடத்திலும் ஒப்பிடச் சொல்லுங்கள். படித்ததை மூடிவைத்துவிட்டுத் தன் சொற்களில் எழுதச் சொல்லுங்கள். எடுத்த இடத்தையும் கீழே குறிக்கச் சொல்லுங்கள். பிறர் உழைப்பைத் தன் பெயரில் கொடுப்பது அமானிதத்திற்கு மாறானது. படிக்கத் தெரியாத பெற்றோரும் ‘இதை எனக்குச் சொல்லிக்காட்டு’ என்று கேட்கலாம். சொல்லத் தெரியாவிட்டால் பிள்ளை படிக்கவில்லை என்று பொருள்.

துறைமுகத்தில் உழைத்த பெரியவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். எண்ணெயில் வலையும் படகும் கெட்டுப்போன மீனவர்கள் எண்ணூரில் இருக்கிறார்கள். அவர்களிடம் நேரில் கேட்டு எழுதிய அரைப் பக்கம், பிரதியெடுத்த பத்துப் பக்கத்தைவிட மேலானது. இணையம் அறியாத செய்தி அதில் இருக்கும்.

நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.