சந்தைக்கு வழி காட்டுங்கள்!

(வளைகுடா செல்லவிருக்கும் இளைஞர்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மக்காவில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு வெறுங்கையோடு மதீனா வந்தார்கள் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள். நபி (ஸல்) அவர்கள் அவரை மதீனத்துச் செல்வந்தர் ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களுக்குச் சகோதரராக ஆக்கினார்கள். ஸஅத் அவர்கள் தம் சொத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார்கள். வந்தவர் வாங்கினாரா? இல்லை! பரக்கத்துக்கு துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி காட்டினால் போதும் என்றார்கள். கைனுகா சந்தைக்குப் போய், பாலாடைக்கட்டியும் நெய்யும் சம்பாதித்துக்கொண்டு திரும்பினார்கள். இது புகாரியில் உள்ள செய்தி.

அவர்களிடம் காசு இல்லை, தொழில் இருந்தது. தொழில் தெரிந்தவனுக்குத் தேவை தர்மம் அல்ல, வழி!

நம் நிலை என்ன? ஐ.டி.ஐ. முடித்த பையன், ஏ.சி. மெக்கானிக் வேலை தெரிந்த பையன், "ஏதாவது ஒரு வேலை இருந்தா சொல்லுங்க பாய்" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறான். தங்கையின் நகையை வட்டிக்கு வைத்துப் புரோக்கரிடம் கொட்டுகிறான். விசிட் விசாவில் போய் இறங்குகிறான். விசா முடிகிறது, வேலை இல்லை, வட்டி மட்டும் ஏறுகிறது. ஹலாலான ரிஜ்க்கைத் தேடும் பயணத்தை ஹராமில் தொடங்கலாமா? சிந்தியுங்கள்!

முதலில், உங்கள் தொழிலைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்நிய நாடான எகிப்தில் யூசுஃப் (அலை) அவர்கள் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தாம் பாதுகாப்பவர், விஷயம் அறிந்தவர் என்று தகுதியைச் சொல்லித்தான் கேட்டார்கள். "எந்த வேலையும் செய்வேன்" என்பவனுக்கு மிகக் குறைந்த கூலிதான் கிடைக்கும். எந்த இயந்திரத்தில், எத்தனை வருடம், என்ன வேலை செய்தீர்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். சவூதி அரேபியா பல தொழில்களுக்கு இங்கேயே திறன் தேர்வு வைக்கிறது. அதற்குத் தயாராகுங்கள்.

இரண்டாவது, சான்றிதழ். மாநில அரசு, மத்திய வெளியுறவு அமைச்சகம், தேவைப்படும் நாடுகளுக்கு அந்தந்த நாட்டுத் தூதரகம் என்று முறையாக முத்திரை பெற வேண்டும். இதைப் புறப்படும் முன்பே முடியுங்கள். அங்கே போனபின் இதற்காக ஊரில் ஆள் தேடி அலையாதீர்கள்.

மூன்றாவது, ஏஜென்ட். 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி அரசிடம் பதிவு பெற்றவர்தான் ஆள் அனுப்பலாம். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவருடைய பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்பவர் யார் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்! தமிழக அரசும் 1978 முதல் சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது. நம்மில் எத்தனை பேர் அங்கே பெயர் பதிந்தோம்?

நான்காவது, விசிட் விசாவில் போய்த் தேடுகிறவர், திரும்பும் டிக்கெட்டுக்கும் ரூம் வாடகைக்கும் சொந்தப் பணம் இல்லாமல் போகாதீர்கள். வேலை அனுமதி கிடைக்கும் முன் ஒரு நாள்கூட வேலை செய்யாதீர்கள். அது குற்றம். கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குங்கள். உங்கள் வேலையை நேரில் பார்த்தவர் சொல்லும் ஒரு வார்த்தை பத்து விண்ணப்பத்துக்குச் சமம். மத்யனில் மூஸா (அலை) அவர்களுக்கு அப்படித்தானே வேலை கிடைத்தது! ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டியதைக் கண்ட பெண், அவர் வலிமையானவர், நம்பிக்கையானவர் என்று தந்தையிடம் எடுத்துச் சொன்னார்.

ஐந்தாவது, ஒப்பந்தம். அதே மூஸா (அலை) அவர்கள் எட்டு ஆண்டுகள், விரும்பினால் பத்து என்று காலத்தைப் பேசி, அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள். நாமோ படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம்! மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் பணி முடிந்து வரும்போது கிடைக்கும் பணிக்கொடை அதை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கக்கூடாது. தகுதிகாண் காலம் ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது. உரிமை தெரியாதவன் ஏமாறுவான்.

கடைசியாக, அங்கே ஏற்கனவே காலூன்றிவிட்ட சகோதரர்களுக்கும் வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஊர்ப் பையன் வந்தால் ரூமில் படுக்க இடமும் ஒரு வேளைச் சாப்பாடும் கொடுக்கிறீர்கள். அல்லாஹ் கூலி தருவான். ஆனால் எலக்ட்ரீஷியன் படித்தவனைப் பாதிச் சம்பளத்துக்குக் கடையில் டீ ஆற்ற வைத்துவிட்டு, உதவி செய்தேன் என்று சொல்லாதீர்கள்! உங்கள் கம்பெனியில் ஆள் தேவை என்றால் அவனுக்கு முதலில் தெரிவியுங்கள். அங்குள்ள பேச்சையும் சட்டத்தையும் சொல்லிக் கொடுங்கள். ஊர் ஜமாஅத்துகள் வட்டியில்லாக் கடனுக்கு ஒரு பைத்துல்மாலை ஏற்படுத்தட்டும். அது இருந்தால் நம் சகோதரிகளின் நகை அடகுக் கடைக்குப் போகாது.

போகிறவர்கள் முஹாஜிர்களின் சுயமரியாதையோடு போங்கள். இருப்பவர்கள் அன்ஸார்களின் மனதோடு இருங்கள். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஜ்க்கை விசாலமாக்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.