அரசமரத்துக்கு என் குரல்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



டொக்டர் என்றபடியால் சீனி வருத்தம், பிரஷர் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். அதற்குக் கிளினிக் நாளில் வாருங்கள். இன்று வேறு விஷயம்.

என் அம்மா பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருஷம் கொழுந்து எடுத்தவர். மூன்றாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றுவிட்டது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, லயத்துக் காம்பிராவில் குப்பி லாம்பு வெளிச்சத்தில், பாடப்புத்தகக் கதைகளை அவருக்கு வாசித்துக் காட்டுவேன். விடிந்தால் பெரட்டுக்குப் போக வேண்டியவர், தூங்காமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

பிறகு வெளியூரில் மேற்படிப்பு. ஒரு நாள் எழுந்து ஒரு பக்கத்தை வாசித்தேன். பின்வாங்கிலிருந்து யாரோ "தோட்டக்காட்டுத் தமிழ்" என்றார்கள், எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேலாக நான் யார் முன்னாலும் சத்தமாக எதையும் வாசிக்கவில்லை. அம்மா முன்னாலும்தான்.

போன வருஷம் சீனியால் அம்மாவின் விழித்திரை பழுதானது. சிகிச்சை செய்தும் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. "முன்ன மாதிரி ஏதாச்சும் வாசிச்சுக் காட்டேன்" என்றார். மகளாக நான் என்ன செய்தேன் தெரியுமா? என் குரலைத் தவிர வேறு எந்தக் குரலும் சரி என்று இணையத்தில் ஒலிநூல் தேடினேன்!

அப்படித் தேடும்போது அறிமுகமானதுதான் லிப்ரிவொக்ஸ். 2005இல் கனடாவின் மொன்றியலில் ஹியூ மக்குவாயர் என்பவர் தொடங்கியது. பதிப்புரிமை முடிந்த நூல்களைத் தொண்டர்கள் வாசித்துப் பதிவு செய்கிறார்கள். சம்பளம் இல்லை, அந்தப் பதிவுக்கும் யாரும் உரிமை கொண்டாட முடியாது, அதுவும் பொதுச்சொத்து. என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு விதி. அங்கே குரல் தேர்வு கிடையாது. ஒரு நிமிடம் வாசித்து அனுப்பச் சொல்வார்கள். சத்தம் போதுமா, இரைச்சல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். உச்சரிப்புக்குப் புள்ளி போடுவதில்லை.

முதலில் நம் மலையகத்து சி.வி. வேலுப்பிள்ளையை வாசிக்கத்தான் ஆசைப்பட்டேன். அவர் மறைந்தது 1984இல். இலங்கைச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டு பதிப்புரிமை உண்டு. 2054 முடியும்வரை பொறுக்க வேண்டும். அப்போது எனக்குப் பல் இருக்குமோ தெரியாது. ஆகவே வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' கதையை எடுத்தேன். அவர் 1925இல் காலமானவர். கதை வந்தது 1915இல். ஒரு மரம் ருக்மிணி என்ற பெண்ணின் கதையைச் சொல்கிறது. அதில் வருபவர்கள் பேசுவது பிராமணத் தமிழ். அது என் வாயில் நுழையவில்லை. கதை சொல்வது மரம்தானே, மரத்துக்கு எந்த ஊர்த் தமிழ் என்று யார் கண்டது என என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

செலவு பெரிதாக இல்லை. ஒரு சாதாரண மைக், ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருள். அறை எதிரொலித்தது. அம்மா மழையில் கொழுந்தெடுக்கப் போர்த்திய பழைய கம்பளி பெட்டியில் கிடந்தது. அதைச் சுவரில் தொங்கவிட்டதும் எதிரொலி அடங்கியது. தகரத்தில் மழை விழுந்த இரவுகளில் வேலை நடக்கவில்லை. பதுளை மழையைத்தான் உங்களுக்குத் தெரியுமே. தடுமாறினால் பதிவை நிறுத்தாமல் ஒருமுறை கைதட்டிவிட்டு, அந்த வாக்கியத்தைத் திரும்ப வாசிக்க வேண்டும். கைதட்டல் திரையில் ஊசிபோல் நிற்கும். பிறகு வெட்டி எடுப்பது சுலபம். முதல் இரவு திரை முழுக்க ஊசிகள்தான். ஒலி அளவு 89 டெசிபல் அளவில் இருக்க வேண்டும். என்னுடையது குறைவாக இருந்தது. இருபது வருஷப் பழக்கம், சத்தம் எப்படி வரும்?

ஆறு இரவுகளில் முடித்து அனுப்பினேன். முகம் தெரியாத ஒருவர் முழுவதையும் கேட்டுத் திருத்தம் அனுப்பியிருந்தார். கை நடுங்கத்தான் திறந்தேன். ஓரிடத்தில் ஒரு வாக்கியம் இரண்டு முறை வருகிறது, இன்னோரிடத்தில் சேவல் கூவுகிறது. அவ்வளவுதான்.

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். ருக்மிணி குளத்தோடு போன இடத்தில் நிறுத்தச் சொன்னார். "அந்தப் புள்ளகிட்ட யாரும் ஒரு வார்த்த கேக்கலயே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இது ஒன் கொரல்தானே? ஏன் இவ்வளவு பயந்து பயந்து வாசிக்கிற?" என்றார்.

இரண்டாம் தடவை வாசித்து அனுப்பியது அதனால்தான்.

அடுத்து ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. நாவல் நீளமானது, ஒருத்தியால் ஆகாது. ஆளுக்கோர் அத்தியாயம் எடுக்கலாம். லுணுகலை, ஹப்புத்தளை, லண்டன், டொரொன்டோ, எங்கே இருந்தாலும் சரி. சாப்பாட்டு வேளையில் வாசலருகே கொப்பியோடு இருப்பேன், பெயர் தாருங்கள். முதல் அத்தியாயம் மட்டும் கேட்காதீர்கள். அது அம்மா எனக்கு ஒதுக்கியது.