நீர்த்தேக்கத்தில் மறைந்திருக்கும் நஞ்சு

தேங்கிய நீரின்மேற் பச்சை வர்ணம் பூசியதுபோற் படரும் பாசியைக் காணாதார் இலர். கண்டு முகஞ் சுளிப்பார் உண்டு, அஞ்சுவார் அரியர். காய்ச்சிக் குடித்தாற் கேடில்லை என்றும், மருந்திட்டுப் பாசியைக் கொன்றுவிட்டால் தொல்லை ஒழிந்தது என்றும் பலர் எண்ணுகின்றனர். இவ்விரண்டும் எப்போதும் உண்மையாவதில்லை. பாசியைக் கொல்வதே சில வேளைகளில் நஞ்சைத் திறந்துவிடும் செயலாய் முடிந்துவிடும். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு சிறு தீவின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், ரவுன்ஸ்வில் நகருக்கு அப்பாற் கடலில் அமைந்தது பாம் தீவு. அங்கு வாழும் ஆதிக்குடிகளுக்குச் சொலமன் அணைக்கட்டிலிருந்து குடிநீர் கிடைத்து வந்தது. 1979 ஆம் ஆண்டில் அந்நீர்த்தேக்கத்திற் பாசி பெருகிற்று. நீரின் சுவையும் மணமுங் கெட்டன என்று மக்கள் முறையிட்டனர். உடனே நீரில் மயில்துத்தம் இடப்பட்டது. பாசியை அழிப்பதற்குப் பல நாடுகளிலும் கையாளப்பட்டு வந்த முறையே அது.

சில நாட்களுள் தீவிலுள்ள பிள்ளைகள் வாந்தியெடுக்கத் தொடங்கினர். ஈரல் வீங்கிற்று, சிறுநீரகங்கள் பழுதுற்றன, வயிற்றோட்டத்திற் குருதி கண்டது. 138 பிள்ளைகளும் 10 பெரியோரும் நோயுற்றனர். உயிரிழப்பு நேராதது ஒன்றே ஆறுதல். காரணந் தெரியாமையால் அதனை மர்ம நோய் என்றே அழைத்தனர். பின்னர், அவ்வணை நீரிலிருந்து பிரித்தெடுத்து வளர்த்த ஒரு நுண்ணுயிர் எலிகளின் ஈரலைச் சிதைப்பது 1985 இல் வெளியான ஆய்வொன்றிற் காட்டப்பட்டது. அந்நஞ்சின் இரசாயன அமைப்பு 1992 இல் அறியப்பட்டது. மயில்துத்தத்திலுள்ள செம்பே காரணம் என வாதித்தாரும் உளர். ஆயினும் பாசியின் நஞ்சே காரணம் என்பதே ஆய்வாளர் பலரின் முடிபு.

பாசி என வழங்கினும், இவை உண்மையிற் பற்றீரியா இனத்தவை. நீலப்பச்சை அல்கா என முன்னர் பெயர் பெற்றிருந்த இவற்றை அறிஞர் இன்று சயனோபற்றீரியா என்பர். இவற்றுட் சில நஞ்சை ஆக்கித் தம் கலத்தினுள்ளே வைத்திருப்பன. கலம் உடைந்தால் நஞ்சு நீரிற் கரையும். முழுக் கலத்தை மணல் வடி தடுத்துவிடும். கரைந்த நஞ்சைத் தடுப்பது அரிது. காய்ச்சுதலோ கலத்தை உடைக்குமேயன்றி நஞ்சை அழிக்காது. 1996 இற் பிறேசில் நாட்டின் கருவாரு நகரில், இத்தகைய நஞ்சு கலந்த நீரைக் கொண்டு இரத்தச் சுத்திகரிப்புச் செய்யப்பட்ட சிறுநீரக நோயாளருள் 50 பேருக்கு மேல் உயிரிழந்தனர்.

இலங்கையும் இதற்கு விலக்கன்று. 1991 இற் கொத்மலை நீர்த்தேக்கத்திலும், 1999 இற் கண்டி வாவியிலும் மைக்குரோசிஸ்ரிசு என்னும் இனம் திரளாய்ப் பெருகிற்று. பெருக்கம் யாவும் நஞ்சுடையதன்று. எனினும் நிறத்தைக் கண்டு நஞ்சுண்டா இல்லையா எனக் கூற எவராலும் இயலாது. ஆய்வுகூடப் பரிசோதனையே அதனைக் காட்டும்.

ஆதலின், பச்சைப் படலம் மிதக்கும் நீரைப் பருகலாகாது. அதிற் பிள்ளைகளை நீராட விடலாகாது. கால்நடைகளையும் விலக்குதல் வேண்டும். நீர் வழங்குவோர் படலமில்லாத ஆழத்திலிருந்து நீரை எடுத்து, கலங்களை உடையாமல் அகற்றி, எஞ்சிய நஞ்சைத் தக்கவாறு பதப்படுத்திய கரியினால் ஈர்த்தெடுத்தல் நன்று.

இவை யாவும் வந்தபின் செய்வன. வருமுன் காப்பதற்கு வழி நீர்த்தேக்கத்திலன்று, அதற்கு மேலுள்ள நிலத்திலே உள்ளது. வயலிலும் தோட்டத்திலும் அளவுக்கு மிஞ்சி இட்ட பசளை மழையோடு இறங்குகின்றது. ஊர்க் கழிவுநீரும் உடன் சேர்கின்றது. அவற்றிலுள்ள பொசுபரசும் நைதரசனுமே பாசிக்கு உணவு. வெயிலும் அசைவற்ற நீரும் வாய்த்தால் அது பெருகுவதற்கு நெடுநாள் வேண்டுவதில்லை. மேட்டில் வாழ்வோன் தன் நிலத்தில் விடுங் கவனக்குறைவைப் பள்ளத்தில் வாழுங் குழந்தை குடிக்க நேர்கின்றது. பசளையை அளந்திடுவதும், கழிவுநீரைத் தூய்மை செய்து விடுவதும், கரையோரத்து மரஞ்செடிகளை வெட்டாது காப்பதும் அக்குழந்தைக்குச் செய்யும் கடமையாகும்.