தொடருக்குள் மறையும் தனி உயிர்



துப்பறியும் நாவல் என்ற பெயரைக் கேட்டதும் இலக்கிய அவைகளில் ஓர் இளநகை எழுவது வழக்கம். பயணத்தில் படித்து, இறங்கும்போது மறந்துவிடும் நூல் என்பதே அவ்வகை பற்றிய பொதுக் கருத்து. அதை மாற்றிக்கொள்ளத் தூண்டுபவர் ஆங்கில நாவலாசிரியை பி. டி. ஜேம்ஸ். 1989ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய ‘டிவைசஸ் அண்ட் டிசயர்ஸ்’ ஒரு கொலைத்தொடரைக் கூறும் நாவல். கொலைகளைத் தொடராக எண்ணும் பழக்கமே உண்மையை மறைத்துவிடக்கூடும் என்று எச்சரிக்கும் நாவலும் அதுவே.

ஜேம்ஸ் 1920இல் ஆக்ஸ்போர்டில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரிலிருந்து மனநலம் குன்றித் திரும்பிய கணவரையும் இரு மகள்களையும் காக்கும் கடமை அவர்மேல் விழுந்தது. மருத்துவமனை நிர்வாகத்தில் பணியாற்றிய அவர், 1968 முதல் உள்துறை அமைச்சகத்தில் காவல்துறைப் பிரிவிலும் குற்றவியல் கொள்கைப் பிரிவிலும் பணிபுரிந்தார். முதல் நாவல் 1962இல் வெளிவந்தது. 2014இல் மறையும்வரை அவர் எழுதிய நூல்களில் கோப்புகளையும் மனிதரையும் ஒருங்கே அறிந்த அனுபவம் தெரிகிறது.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என்னும் தமிழ் மரபை அறிந்தோர்க்கு ஜேம்ஸின் படைப்புமுறை அயலாகத் தோன்றாது. அவர் நாவல்கள் பெரும்பாலும் ஓர் இடத்திலிருந்தே கருக்கொண்டன. சஃபோக் கடற்கரையில் தனித்து நின்றபோது தெற்கே சைஸ்வெல் அணுமின் நிலையம் கண்ணில் பட்டது. அக்காட்சியே இந்நாவலின் வித்து. நாவலிலோ களம் நார்ஃபோக் கடலோரத்து லார்க்சோக்கன் என்னும் கற்பனை நிலமுனை. பாழடைந்த துறவிமடம், போர்க்காலக் காவலரண், பழைய காற்றாலை ஆகியவற்றுக்கிடையே அணுமின் நிலையம் ஓங்கி நிற்கிறது. 1986இன் செர்னோபில் விபத்துக்குப் பின் எழுதப்பட்ட நாவல் என்பதை அந்நிலையத்தின் நிழல் உணர்த்திக்கொண்டே இருக்கிறது.

அப்பகுதியில் பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொல்லும் ஒருவனை மக்கள் ‘சீழ்க்கைக்காரன்’ என்கின்றனர். அத்தை விட்டுச்சென்ற காற்றாலை வீட்டுக்கு ஓய்வு நாடி வருகிறார் ஸ்காட்லாந்து யார்டு அதிகாரியும் கவிஞருமான ஆடம் டால்க்லீஷ். விசாரணையோ உள்ளூர்த் தலைமை ஆய்வாளர் ரிக்கர்ட்ஸின் பொறுப்பு. ஓரிரவு கடற்கரையில் ஹிலரி ராபர்ட்ஸ் என்னும் அணுமின் நிலைய நிர்வாகப் பெண்மணியின் சடலத்தை டால்க்லீஷே காண்கிறார். முந்தைய கொலைகளின் அடையாளங்கள் அனைத்தும் அவ்வுடலில் உள்ளன. ஆனால் சீழ்க்கைக்காரன் அதற்கு முன்பே ஒரு விடுதியில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான் என்று தெரியவருகிறது.

நாவலின் உயிர்நிலை இதுதான். அவன் இன்னும் ஓர் இரவு உயிரோடு இருந்திருப்பானாயின், ஹிலரியின் மரணம் எண்ணிக்கையில் ஒன்று கூடியதாக முடிந்திருக்கும். அவள்மீது யாருக்குப் பகை, யாருக்கு அச்சம், அவள் இல்லாமையால் யாருக்கு ஆதாயம் என்னும் கேள்விகள் எழாமலே போயிருக்கும். ஆனால் அவள் வாழ்வோ அத்தகைய கேள்விகளால் நிறைந்தது. நிலைய இயக்குநரின் முன்னாள் காதலி அவள். நான்கு குழந்தைகளுடன் வாழும், மனைவியை இழந்த ஓவியனை வீட்டை விட்டு வெளியேற்ற முனைந்தவள். அணு எதிர்ப்பாளன் ஒருவன்மீது அவதூறு வழக்குத் தொடுத்தவள். விரும்பத்தக்கவளாக ஆசிரியை அவளைப் படைக்கவில்லை. ஆயினும் அவள் மரணம் அவளுக்கே உரிய மரணமாக ஆராயப்பட வேண்டும் என்பதில் ஆசிரியை உறுதியாக இருக்கிறார்.

இது கற்பனையில் மட்டும் நிகழ்வதன்று. 1975 முதல் 1980 வரை வட இங்கிலாந்தில் 13 பெண்களைக் கொன்ற பீட்டர் சட்கிளிஃப் வழக்கில், கொலையாளி என்று பொய்யாகக் கூறிக்கொண்ட ஒருவன் கடிதங்களும் ஒலிநாடாவும் அனுப்பினான். தொடருக்குத் தொடர்பற்ற பிரஸ்டன் நகரக் கொலை ஒன்றும் அக்கடிதங்களில் இடம்பெற்றிருந்தது. காவல்துறையினர் அவற்றை நம்பிச் சண்டர்லாந்து வட்டாரப் பேச்சு உடையவனைத் தேடினர். யார்க்ஷையர்க்காரனான உண்மைக் கொலைஞனை ஒன்பது முறை விசாரித்தும் விட்டுவிட்டனர். 1981 ஜனவரியில் அவன் சிக்கியது, போலி எண்பலகை பொருத்திய வாகனத்தைக் காவலர் வழக்கமான சோதனையில் தடுத்ததனால். ஒலிநாடா அனுப்பியவன் 2006இல்தான் தண்டிக்கப்பட்டான். பிரஸ்டன் கொலையைச் செய்தவன் வேறொருவன் என்பதை 2011இல் மரபணுச் சோதனை காட்டியது. ஒரு கண்ணி தவறாகக் கோக்கப்பட்டதனால் முழுச் சங்கிலியும் பிழைபட்டது. அதற்கு விலையாக மேலும் சில உயிர்கள் சென்றன.

அகதா கிறிஸ்டி 1936இல் ‘ஏ.பி.சி. மர்டர்ஸ்’ நாவலில் கொலை வரிசையையே புதிராக்கினார். அங்கு வாசகரை ஈர்ப்பது புதிரின் அமைப்பு. ஜேம்ஸோ புதிருக்குப் பின்னால் நிற்கும் மனிதரிடம் செல்கிறார். கருவுற்ற மனைவி தாய்வீடு சென்றிருக்க, தனியே உழலும் ரிக்கர்ட்ஸும், பேருந்தைத் தவறவிட்ட ஒரே காரணத்தால் நாவலின் தொடக்கத்தில் உயிரிழக்கும் பதினைந்து வயதுச் சிறுமியும் வெறும் கதைக்கருவிகளாக நின்றுவிடவில்லை. அச்சிறுமியின் பெயரையும் அன்றைய மாலைப் பொழுதையும் நாவல் தவறாமல் கூறுகிறது.

நூலின் தலைப்பு இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுச் செபநூலில் பாவ அறிக்கைப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது. நெஞ்சின் சூழ்ச்சிகளையும் விருப்பங்களையும் பின்தொடர்ந்து நெறி தவறியதை ஏற்கும் மன்றாட்டு அது. அதனை ஒருவர் மட்டும் சொல்வதில்லை. சபை முழுதும் கூடிச் சொல்கிறது. ஹிலரியைக் கொன்றவர் யார் என்பதை இங்கு வெளியிடுதல் வாசகர்க்கு இழைக்கும் அநீதி. ஒன்று மட்டும் கூறலாம்: அக்கை பித்தனுடைய கை அன்று. அன்பு, நன்றிக்கடன், பழைய காயம் எனப் பலரும் போற்றும் உணர்வுகளே அதனை இயக்கின.

கொலைகள் பெருகும்போது செய்தித்தாள்கள் எண்ணிக்கையை அச்சிடுகின்றன. காவல் நிலையங்கள் அட்டவணை தயாரிக்கின்றன. அவ்வெண்களுக்குள் ஒவ்வொருத்திக்கும் ஒரு பெயரும் தனியான ஒரு மாலைப்பொழுதும் உண்டு என்பதை இந்நாவல் மறக்கவிடுவதில்லை. துப்பறியும் நாவலுக்கு இலக்கிய அவையில் இடம் கேட்க இது போதுமான தகுதி.