கரைந்துபோன ஒரு கட்சி
(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வென்ற இயக்கம் ஒன்றின் புகழ்மாலை அன்று. 1961இல் தோன்றி 1964இல் மறைந்த தமிழ்த் தேசியக் கட்சியைப் பற்றியே பேச வந்துள்ளேன். அதன் வாழ்வு மூன்றாண்டு. அப்படியொரு கட்சி இருந்தது என்பதே இன்றைய இளைஞர் பலர்க்குத் தெரியாது. தெரிந்த சிலரும், "அஃது அண்ணாவுக்கும் சம்பத்துக்கும் வந்த பூசல்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவர். பூசல் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆயினும் பூசலின் நடுவே ஒரு கருத்தும் இருந்தது. அதுவும் சரியான கருத்து. சரியான கருத்தைக் கையில் வைத்திருந்த கட்சி ஏன் மூன்றே ஆண்டில் கரைந்தது? இதுதான் என் கேள்வி.

ஈ.வெ.கி. சம்பத்து பெரியாரின் அண்ணன் மகன். 1949இல் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தோற்றுவித்த முன்னவர்களுள் ஒருவர். 1957இல் கழகத்திற்குக் கிடைத்த நாடாளுமன்ற இடங்கள் இரண்டே. அவற்றுள் ஒன்று நாமக்கல்லில் அவர் வென்றது. 'சொல்லின் செல்வர்' என்று மக்கள் அவரை அழைத்தனர். அப்பட்டத்திற்கு அவர் முழுதும் உரியவரே.

அவர் கழகத்தில் இருந்துகொண்டே கேட்ட கேள்வி எளியது. திராவிட நாடு வேண்டும் என்கிறோமே, அதைத் தமிழரைத் தவிர வேறு யார் கேட்கிறார்கள்? 1953இல் ஆந்திரர் தமக்கென ஒரு மாநிலம் பெற்றுப் பிரிந்தனர். 1956 நவம்பர் 1இல் மலையாளியரும் கன்னடரும் தத்தம் மாநிலங்களைப் பெற்றனர். அம்மூவருள் ஒருவரேனும் நம்மோடு சேர்ந்து ஒரு நாடாக வாழ்வோம் என்று சொன்னாரா? சொல்லவில்லை. ஆகவே, நமக்கு உரியது தமிழ்நாடு. அதன் எல்லை தமிழ்மொழியின் எல்லை. பிரிந்துபோகும் உரிமையோடு கூடிய தன்னாட்சித் தமிழ்நாடு என்பதே அவர் வந்து சேர்ந்த இடம்.

1961 தொடக்கத்தில் வேலூரில் நடந்த பொதுக்குழுவில் பூசல் முற்றியது. சம்பத்து உண்ணாநோன்பு இருந்தார். அண்ணா வந்து அதை முடித்துவைத்தார். ஆயினும் உடைந்த சட்டி ஒட்டவில்லை. ஏப்பிரலில் வெளியேறினார், அத்திங்களிலேயே புதுக்கட்சி கண்டார். கழகத்தில் திரைத்துறையினர்க்கு மிகுந்த இடம் தரப்படுகிறது என்பதும் அவர் சொன்ன குறைகளுள் ஒன்று. அவரோடு வெளியேறியவர்களுள் பெரும்பெயர் பெற்றவரோ திரைப்பாட்டு எழுதிய கண்ணதாசன்! இதை ஏளனமாகச் சொல்லவில்லை. அன்றைய அரசியல் மேடையைத் திரையினின்று பிரித்துக் காண்பது எவருக்கும் எளிதாக இல்லை.

கட்சியின் பெயரைப் பற்றி ஒரு சொல். தமிழாசிரியனாகிய எனக்கு அங்கேயே முதல் இடறல். 'தேசியம்' வடசொல் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்நாளில் ஊர்ப்புறத்தில் 'தேசியவாதி' என்றால் கதர் உடுத்த காங்கிரசுக்காரர் என்றே பொருள். தமிழினத்தின் தனித்தன்மையைச் சொல்ல வந்த கட்சி, எதிர் முகாமின் சொல்லைத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. அது போய்ச் சேரவேண்டிய இடத்தைப் பெயரே முன்கூட்டிக் காட்டிவிட்டது போலும்!

1962 பிப்பிரவரியில் பொதுத்தேர்தல். கட்சி பிறந்து பத்துத் திங்கள்தான் ஆகியிருந்தது. கழகத்திற்கோ பன்னிரண்டு ஆண்டு உழைப்பு. தெருத்தோறும் படிப்பகம், முடிதிருத்தும் கடையில் கழக நாளிதழ், தேநீர்க்கடை விசுப்பலகையில் நாள்தோறும் நடக்கும் வழக்காடல், ஊர்தோறும் கிளைச் செயலாளர், எழுஞாயிற்றுச் சின்னம். புதுக்கட்சியிடம் இருந்தவை நல்ல மேடைப் பேச்சும் நல்ல எழுத்தும். கூட்டத்திற்கு வந்து கைதட்டியவர் வேறு. விடியலில் வாக்குச்சாவடி வாயிலில் நின்று வாக்காளரை அழைத்து வருபவர் வேறு. தென்சென்னையில் நாடாளுமன்றத்திற்கு நின்ற சம்பத்து தோற்றார்; வென்றவர் கழகத்தின் நாஞ்சில் மனோகரன். சட்டமன்றத்திலும் கட்சிக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை.

இங்கு ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதே தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாவும் தோற்றார். ஆனால் அவர் தோற்ற அன்றே அவர் கட்சி ஐம்பது சட்டமன்ற இடங்களில் வென்றது. தலைவர் தோற்றும் கட்சி வளர்ந்தது அங்கே. இங்கே தலைவர் தோற்றதும் எஞ்சியது ஒன்றுமில்லை.

தேர்தல் தோல்வியால் மட்டும் ஒரு கட்சி சாவதில்லை. அதற்கு மேலான அடி ஓராண்டு கழித்து வந்தது. 1962 அக்தோபரில் சீனப்போர் மூண்டது. 1963 அக்தோபரில் அரசியலமைப்புச் சட்டத்தின் 16ஆம் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் இறைமையையும் ஒருமையையும் காப்பேன் என்று உறுதிமொழி கூறாதவர் தேர்தலில் நிற்கவே முடியாது என்றாயிற்று. அடுத்த திங்களே கழகம் திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. அன்பர்களே, இதுதான் நுட்பமான இடம். "திராவிட நாடு கைகூடாது" என்பதே புதுக்கட்சி பிறந்ததற்குக் கரணியம். அக்கோரிக்கையைக் கழகமே கீழே போட்டபின், இவர்கள் எதை மறுத்து மேடை ஏறுவது? 'பிரிந்துபோகும் உரிமை' என்ற தங்கள் பங்கையும் அதே சட்டம் அடைத்துவிட்டது. ஒருபுறம் எதிரி தன் நிலையை விட்டு நகர்ந்தான். மறுபுறம் தம் நிலையில் நிற்கத் தரையில்லை. தமிழ்நாடு என்ற கருத்தைத் தன்காலில் நிற்கும் கருத்தாக ஊரூராக வளர்த்திருந்தால், எதிரி நகர்ந்ததை வெற்றியாகவே கொண்டாடியிருக்கலாம். வளர்க்கவில்லை, மறுப்பிலேயே பொழுது போயிற்று.

1964இல் கட்சி பேராயக் கட்சியாகிய காங்கிரசில் சேர்ந்தது. 'இணைப்பு' என்றே பலரும் எழுதுகின்றனர். இலக்கணம் படித்தவர் அறிவீர்கள்: இரு சொற்கள் புணரும்போது ஓரெழுத்துத் தோன்றலாம், திரியலாம், கெடலாம். இங்கு நிகழ்ந்தது கெடுதல். சேர்ந்தபின் பழைய சொல்லின் ஓரெழுத்தும் காதில் விழவில்லை.

விளைவு உடனே தெரிந்தது. 1960இல் இந்தித் திணிப்பை எதிர்த்துக் குடியரசுத் தலைவர்க்குக் கறுப்புக்கொடி காட்டக் கழகம் முடிவு செய்திருந்தபோது, தலைமையமைச்சர் நேரு ஒரு மடல் எழுதினார்: இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று. யாருக்கு எழுதினார்? நாடாளுமன்ற உறுப்பினர் சம்பத்துக்கு! அவ்வுறுதியின் பேரில் அன்று கறுப்புக்கொடிப் போராட்டம் கைவிடப்பட்டது. 1964 மேயில் நேரு மறைந்தார். 1965 சனவரியில், அவர் தந்த உறுதியைச் சட்டமாக்கு என்று மாணவர் தெருவுக்கு வந்தனர். குண்டடி பட்டு மாண்டனர். அம்மடலைக் கையில் வாங்கியவரும் அவருடைய தோழரும் அப்போது இருந்தது சுட்ட அரசின் கட்சியில். அவர்களை இரண்டகர் என்று ஏசுவாரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தமிழுக்காகப் பேசப் பழகிய அந்த நாவுக்கு, பேசவேண்டிய திங்களில் தனக்கென ஒரு மேடை இல்லாமற் போனது பெருங்கேடு.

இதே நிலப்படத்தைக் கையில் வைத்திருந்தவர் வேறு சிலரும் உண்டு. 1946இல் தமிழரசுக் கழகம் கண்ட ம.பொ.சி. தன்னாட்சி கேட்டார். 1958இல் நாம் தமிழர் இயக்கம் கண்ட ஆதித்தனார் முழு விடுதலை கேட்டார். 1960 சூனில் பெரியாரும் அவரும் தமிழ்நாடு நீங்கலான இந்தியப் படத்தை எரிக்கும் போராட்டம் நடத்தினர். நால்வர் வரைந்த எல்லையும் ஒன்றே. ஆனால் 1962இல் பெரியார் காமராசர் பக்கம் நின்றார். 1964இல் சம்பத்து காங்கிரசுக்குப் போனார். 1967இல் ஆதித்தனாரும் ம.பொ.சி.யும் கழகத்தோடு கூடிச் சட்டமன்றம் புகுந்தனர். நாம் தமிழர் இயக்கமும் கழகத்தில் கரைந்தது. ஒரு திங்களேனும் இந்நால்வரும் ஒரே மேடையில் நின்று தமிழ்நாடு கேட்டிருந்தால் என்ற ஏக்கம் எனக்கு உண்டு. அது வெறும் ஏக்கம்தான்.

1967 சூலை 18ஆம் நாள் மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்று பெயர் மாற்றும் முடிவு சட்டமன்றத்தில் நிறைவேறியது. அன்று அவைத்தலைவர் இருக்கையில் இருந்தவர் ஆதித்தனார். உறுப்பினர் இருக்கையில் ம.பொ.சி. இருந்தார். சம்பத்து அவையில் இல்லை. 1977இல் அவர் மறைந்தார். அவர் கட்சியில் அரசியல் பழகிய இளைஞருள் ஒருவரான பழ. நெடுமாறன், காங்கிரசில் நெடுநாள் இருந்து, பின்னர் அதனின்று விலகித் தமிழர் தேசியம் என்ற சொல்லை மீண்டும் எடுத்தார். அதைப் பேசப் புகுந்தால் இரவு போதாது.

எதிரே முதியோர் சிலர் அமர்ந்திருக்கிறீர்கள். 1962 தேர்தலைக் கண்ணால் கண்டவர் இருப்பின், உங்கள் ஊரில் அக்கட்சிக்குக் கிளை இருந்ததா, எத்தனை பேர் இருந்தனர் என்று எழுந்து சொல்லுங்கள். எழுதிக்கொள்ளத் தாளும் எழுதுகோலும் கொண்டுவந்திருக்கிறேன்.